தட்டாத முயல்

அந்தத் தட்டல் முதலில் ஹெட்போனில்தான் கேட்டது. வாசித்துக்கொண்டிருந்தபோது கேட்கவில்லை, வாசித்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான், கதாநாயகி அழுதுகொண்டே கதவைச் சாத்தும் இடத்தில், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில், பொத்தென்று ஒன்று. கனமான புத்தகத்தைத் தரையில் தட்டையாகப் போட்டால் வருமே, அந்த மாதிரி. திரையில் ஓடிய ஒலிக்கோடு அந்த இடத்தில் மட்டும் முள்ளாக எழுந்து நின்றது. மாலை நாலு பத்துக்குப் பதிவாகியிருந்தது.

"வாலு!" என்று அலமாரிக்குள்ளிருந்தே கத்தினாள்.

அலமாரிக்குள்தான் அவள் பிழைப்பு. காதால் கேட்கிற புத்தகங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை. படுக்கையறையின் பெரிய துணி அலமாரியில் கீழ்த்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு மைக், மடியில் லேப்டாப், சுற்றிலும் வீட்டில் இருந்த அத்தனை கோட்டும் போர்வையும். கதவைச் சாத்திக்கொண்டால் நாப்தலின் உருண்டை வாடையும் தன் மூச்சும்தான் மிச்சம். வெளிச்சத்தம் முக்கால்வாசி அங்கேயே செத்துவிடும். மீதிக் கால்வாசிக்கு மகள் இருந்தாள். ஏழு வயது. பள்ளி விட்டு மூன்றரைக்கு வந்தால் வாயும் சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது. அப்பா செல்லமாக வைத்த பெயர் வாலு. அம்மா அந்தப் பெயரைச் செல்லமாகச் சொல்லிப் பல நாள் ஆகியிருந்தது.

அலமாரிக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. உள்ளே ஒரு கண்ணும், முன்பல் விழுந்த ஓட்டையும் தெரிந்தன.

"குதிச்சியா?"

"நான் எங்க குதிச்சேன்? மேனேஜர்தான்."

"பொய் சொன்னா தோலை உரிச்சிடுவேன்."

"நெஜமாம்மா! பின்னங்காலால தரையில ஓங்கி ஒரு உதை. சுவரைப் பார்த்துக்கிட்டே."

மேனேஜர் என்பது முயல். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் வந்திருந்தது. பெட்டியிலிருந்து இறங்கியதும் அது கணவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தது. "அச்சு அசல் எங்க மேனேஜர்டி, லீவு கேட்டா இப்படித்தான் பார்ப்பான்" என்றார் அவர். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் நடுராத்திரி தாண்டித்தான் திரும்புவார். மாலை நேரம் முழுக்க வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான்.

மகள் பிராணி வேண்டும் என்று ஒரு வருஷமாக உயிரை எடுத்தாள். நாய் குரைக்கும். பூனை கத்தும். கிளியைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. மீனைப் பார்த்து, "அதைக் கட்டிப்பிடிக்க முடியாதே" என்று மகள் உதட்டைப் பிதுக்கினாள். முயல் என்று முடிவானது ஒரே காரணத்துக்காக. முயல் சத்தம் போடாது.

இந்த வீட்டைப் பிடித்ததும் அதே காரணத்துக்காகத்தான். மூன்று மாதம் ஆகிறது. வீடு பார்க்க வந்த அன்றே கவனித்தாள்: தெருவில் நாய் இல்லை. பால்கனியில் புறா எச்சம் இல்லை. இவ்வளவு பழைய சுவரில் ஒரு பல்லிகூட இல்லை. "எனக்குன்னே கட்டி வச்ச வீடு" என்று கணவரின் கையைக் கிள்ளினாள். அவரும் சிரித்தார்.

முயல் வாங்கப் போன இடம் ஊரின் விளிம்பில் ஒரு தகரக் கொட்டகை. காய்ந்த புல்லின் வாசமும், அடியில் புளித்த மூத்திர நெடியும். முயல்காரம்மா பருத்த உடம்பும் சின்னக் கண்களும் உள்ளவள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை. பெண் கொடுப்பவள்போல ஒரு மணி நேரம் உட்காரவைத்து விசாரித்தாள். வீட்டில் எத்தனை பேர்? பகலில் யார் இருப்பார்கள்? சத்தம் உண்டா? தரை வழுக்குமா?

"உங்களுக்கு முயல் பிடிக்குமாங்கிறது முக்கியம் இல்லம்மா. வீட்டுக்கும் அதுக்கும் ஒத்துப்போகணும். அதான் முக்கியம்."

மகள் காது கிழிந்த ஒரு பழுப்பு முயலின் கூண்டோடு ஒட்டிக்கொண்டாள். ஆள் கிட்டே போனாலே அது டமார் டமாரென்று தரையை உதைத்தது.

"அவன் காவல்காரன்" என்றாள் முயல்காரம்மா. "ஏதாவது வந்தா மத்ததுக்கெல்லாம் காலால தட்டிச் சொல்லுவான். முயலுக்கு வாயி கிடையாது, காலுதான்."

"ஐயோ, இது வேண்டாம். இருக்கிறதுலயே அமைதியானது எது?"

முயல்காரம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூலைக் கூண்டிலிருந்து ஒரு சாம்பல் நிற முயலைத் தூக்கி வந்தாள். "ரெண்டு வருஷமா இருக்கு. ஒரு தடவைகூடத் தட்டினதில்ல." பிறகு தேர்ந்தெடுப்பது எப்படி என்று செய்தே காட்டினாள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து முதுகுவரை வருடினாள். மூன்று தரம். "உதறலை, பாருங்க." கட்டைவிரலால் மேலுதட்டை ஒரு பக்கம் தூக்கிப் பல் பார்த்தாள். கடைசியாக அதைக் குழந்தைபோல் மல்லாத்தி மடியில் போட்டாள். நாலு காலும் காற்றில் நிற்க, கண் திறந்தபடி, முயல் அசையாமல் கிடந்தது.

"அச்சோ, சுகமா தூங்குது!" என்றாள் மகள்.

"சுகம் இல்ல பாப்பா. செத்த மாதிரி கிடக்குது. இனிமே தப்பிக்க முடியாதுன்னு தெரிஞ்சாத்தான் முயல் இப்படிக் கிடக்கும். அதனால, விளையாட்டுக்குக்கூட மல்லாத்தக் கூடாது." அதை நிமிர்த்தி விட்டாள். "பழக்குறதுக்கு அவசரப்படாதீங்க. முதல் நாள் தரையில சும்மா உக்காருங்க, கண்டுக்காத மாதிரி. மறுநாள் ஒரு ஆப்பிள் துண்டு வைங்க. அதுக்கு அடுத்த நாள் அதையே ஒரு கட்டம் உங்க பக்கமா தள்ளி வைங்க. தானா வரும். வந்தா தடவுங்க, அவ்வளவுதான். தூக்குறது கடைசி. ஒரு வாரம் பாருங்க, ஏழாம் நாள் நானே போன் பண்ணுவேன். ஒத்துவரலைன்னா இதே பெட்டியில இதே துண்டை மடிச்சுப் போட்டுக் கொண்டாந்து விட்டுடுங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

அப்படித் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த முயல்தான் மறுநாளே தட்டியது. செவ்வாய்க்கிழமையும் தட்டியது, நாலு பத்துக்கு ஒன்று, நாலு இருபதுக்கு இரண்டு, அப்புறம் விட்டு விட்டு ஆறு மணிவரை. வெள்ளெலி அளவு பயந்தாங்கொள்ளி என்று பார்த்தால் தளபதி மாதிரி உதைத்தது. ஹாலுக்கும் மகளின் அறைக்கும் நடுவே இருந்த சுவரைப் பார்த்து, இரண்டு காதையும் கத்தரிக்கோல்போல விறைத்து நிறுத்திக்கொண்டு, மூக்கு ஆடாமல் நின்றது. முயலின் மூக்கு ஆடாமல் நின்று அவள் பார்த்ததில்லை. அங்கே வெறும் சுவர்தான். வெள்ளைச் சுண்ணாம்பு, முழங்கால் உயரத்தில் லேசாக அழுக்கேறிய ஒரு பட்டை. குனிந்து மோந்து பார்த்தாள். ஈரக் கம்பளி மாதிரி ஒரு மங்கிய வாசம். மழைக்கு ஊறிய சுவர் என்று நினைத்துக்கொண்டாள்.

முயல்காரம்மாவுக்குப் போன் போட்டாள். "தட்டாதுன்னு சொன்னீங்களே!"

"தட்டுதா? அதுவா?" என்றாள் முயல்காரம்மா. "அது சும்மா தட்டாதும்மா. தட்டினா போய் என்னன்னு பாருங்க."

"பார்த்தாச்சு. ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு புத்தகம் முடிச்சுத் தரணும், ஒவ்வொரு பக்கத்துலயும் இது உதைக்கிற சத்தம்."

"நமக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு என்னமோ இருக்கு" என்றாள் முயல்காரம்மா.

பெரிய ஞானி, என்று மனதுக்குள் திட்டிவிட்டுப் போனை வைத்தாள். அன்றைக்கே கடைக்குப் போய், குழந்தைகள் விளையாடும் அறையில் கோத்துக் கோத்துப் போடுவார்களே, கட்டம் கட்டமான தடித்த ஃபோம் மேட், அதை வாங்கி வந்தாள். ஹால், நடை, மகளின் அறை என்று வீடு முழுக்க ஒரு இடம் விடாமல் போட்டாள். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. புது ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. போட்டு முடித்ததும் காலை ஓங்கி ஒரு உதை உதைத்துப் பார்த்தாள். பஞ்சு மூட்டையில் குத்தியதுபோல, ஒன்றும் இல்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

புதன்கிழமை பதிவில் ஒரு முள்ளும் இல்லை. நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதுதான் பார்த்தாள். முயல் சுவரைப் பார்த்து உதைத்துக்கொண்டுதான் இருந்தது. பின்னங்கால் இரண்டும் உயர்ந்து உயர்ந்து இறங்கின, சத்தமே இல்லாமல். வாயைப் பொத்தி வைத்திருக்கிற ஒருவன் கத்துவதைப் பார்ப்பதுபோல இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை அது உதைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்தபின் அரை நிமிடம் வாயைத் திறக்காமல் வெறும் அறையைப் பதிவு செய்ய வேண்டும். இருமலையும் தவறையும் வெட்டி எடுத்த இடங்களில் அந்த மௌனத்தைத்தான் ஒட்டுவாள். ஒவ்வொரு அறைக்கும் அதன் சொந்த மௌனம் உண்டு, வேறு அறையுடையது ஒட்டாது. அன்றைக்கு அந்த அரை நிமிடத்தை ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டபோது, அடியில் எதுவோ ஓடியது. மெல்லிய, வறண்ட, நீளமான உரசல். நின்றது. மறுபடி ஒன்று. நின்றது. மறுபடி. மூன்றோடு முடிந்து, ஒரு மூச்சு நேரம் கழித்து முதலிலிருந்து தொடங்கியது. உள்ளங்கை ரோமத்தின் மேல் போகிற சத்தம். மகள்தான் முயலைத் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டாள். அப்புறம்தான் உறைத்தது. சாத்திய அலமாரிக்குள், இத்தனை கோட்டுக்கும் போர்வைக்கும் நடுவில் இருக்கிற மைக்கில் ஹாலில் முயலைத் தடவுவது எப்படிக் கேட்கும்?

கதவைத் திறந்தாள். மகள் அவள் அறையில் இருந்தாள், மேட் மேல் சப்பணம் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. ஹாலில் முயல் மட்டும்.

அது தாடையைத் தரையோடு ஒட்டவைத்து, காது இரண்டையும் முதுகில் படுக்கவைத்து, கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. தடவிக் கொடுக்கும்போது கிடக்குமே, அப்படி. அதன் நெற்றி ரோமம் அமுங்கியது. அமுங்கிய இடம் மெல்லப் பின்னால் நகர்ந்து, கழுத்து, முதுகு, வால்வரை போய், விட்டது. ரோமம் எழுந்தது. காற்று, என்றாள் மனதுக்குள். ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் ஓடவில்லை, அவள் ரெக்கார்டிங் நேரத்தில் ஃபேன் போடுவதே இல்லை. "ச்சூ" என்று கையைத் தட்டினாள். முயல் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. எழுந்து ஓடவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மகள் பேசவில்லை. தட்டில் இருந்ததை ஓரமாகக் கொறித்துக்கொண்டு, கண்ணை நிலைகுத்தி வைத்திருந்தாள். மற்ற நாளாக இருந்தால் அம்மா, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். ஆனால் மூன்று நாளாக ஒரு கத்தல் இல்லை, ஒரு ஓட்டம் இல்லை. அவள் வாழ்க்கையிலேயே இப்படித் தடையில்லாமல் வேலை நடந்ததில்லை.

"என் தங்கம், என்ன சமர்த்தா இருக்க!" என்று கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். மகள் முகத்தை உயர்த்திச் சிரித்தாள். அதில் ஒரு நன்றி இருந்தது. பிறகு நினைக்க நினைக்க அவளைக் கொன்ற சிரிப்பு அதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கணவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், முயல் ஹாலின் நடுவில் மல்லாந்து கிடந்தது. நாலு காலும் மேலே. கண் திறந்திருந்தது. செத்துவிட்டது என்று பதறி வாரி எடுத்தாள். சாகவில்லை, விலா எலும்புக்குள் இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. முயல் தானாக மல்லாக்கப் படுக்காது, யாராவது பிடித்தால்தான் அந்த நிலையில் நிற்கும் என்று முயல்காரம்மா சொன்னதுபோல் நினைவு. அல்லது சொல்லவில்லையோ. கணவருக்குப் போன் போட்டாள்.

"கிளம்புறப்ப முயலை ஏதாவது பண்ணீங்களா?"

"நான் ஏண்டி அதைப் பண்றேன்? என்னைப் பார்த்தாலே அதுக்கு எளக்காரம்." பின்னால் கிடங்கின் இரைச்சல். "பேசாம திருப்பிக் கொடுத்துடு. ஒத்துவரலைன்னா விட்டுடு, அதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கிற?"

அதுவும் சரிதான் என்று பட்டது. எல்லாம் இந்த முயல் வந்ததிலிருந்துதான். நாளைக்குக் கடைசி அத்தியாயம். ஆறு மணிக்குள் முடித்து அனுப்பிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்துவிடலாம். நினைத்ததுமே பாரம் இறங்கியது. மாலையில், மகள் பள்ளி விட்டு வந்தபின், முயலுக்கு வைக்க ஆப்பிள் வெட்டினாள். பாதிப் பழம்தான் இருந்தது.

"வாலு, ஆப்பிளை நீயா தின்னே?"

மகள் அறை வாசலில் வந்து நின்றாள். இந்த ஒரு வாரத்தில் அவள் நடப்பதுகூடக் கேட்காமல் போய்விட்டிருந்தது.

"நீதானே வைக்கிற" என்றாள்.

"எங்க வச்சேன்?"

"என் ரூம்ல. தரையில. தினமும் ஒண்ணு."

"முயலுக்கு வச்சதை எடுத்துத் தின்னுட்டு கதை வேற விடுறியா? கேட்டா தர மாட்டேனா?" என்று இரைந்தாள். முன்பெல்லாம் மகள் இதற்கு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அலமாரிக்குள் போனாள். ஒரே மூச்சு. கடைசி அத்தியாயத்தைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசித்தாள். குரல் வெண்ணெய்போல வந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒலிக்கோடு முதலிலிருந்து கடைசிவரை சுத்தமாக ஓடியது. ஒரு முள் இல்லை. ஒரு காலடி இல்லை. ஒரு "அம்மா" இல்லை. வாசித்தது, கேட்டது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அனுப்பிவிட்டு ஹெட்போனைக் கழற்றியபோது காதில் மௌனம் அடைத்தது. வெளியே வந்தாள். ஐந்தரை மணி மேகமூட்டத்தில் வீடு சாம்பல் பூத்துக் கிடந்தது. யாரும் விளக்குப் போடவில்லை.

போன் அடித்தது. முயல்காரம்மா. ஏழாம் நாள்.

"என்னம்மா, ஒத்துப்போச்சா?"

"இல்லம்மா, மன்னிச்சுக்குங்க. இன்னைக்கே கொண்டுவந்து விட்டுடலாம்னு..."

"பரவாயில்ல. இன்னும் தட்டுதா?"

"தட்டல. நிறுத்திடுச்சு."

"எப்ப இருந்து?"

"தரைக்கு மேட் போட்டேன். அதுக்கு அப்புறம் ஒரு நாள் தட்டிச்சு. வியாழக்கிழமையில இருந்து இல்ல."

அந்தப் பக்கம் கொட்டகையில் ஏதோ ஒரு கூண்டுக் கதவு ஆடும் சத்தம் கேட்டது. "முயல் தட்டுறதை ரெண்டு காரணத்துக்குத்தாம்மா நிறுத்தும்" என்றாள் முயல்காரம்மா மெதுவாக. "பயம் போயிடுச்சுன்னா நிறுத்தும். இல்ல, தட்டி யாரும் வரலைன்னா நிறுத்தும். சரி, ஆப்பிள் எடுத்துச்சா? ஒரு கட்டம் ஒரு கட்டமா தள்ளி வச்சீங்களா?"

"அது எங்கம்மா எடுத்துச்சு, எல்லாத்தையும் பாப்பாதான் அவ ரூம்ல..."

சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

என் ரூம்ல. தரையில. தினமும் ஒண்ணு.

அவள் மகளின் அறையில் ஒரு துண்டும் வைத்ததில்லை.

"ம்மா? லைன்ல இருக்கீங்களா?"

முயலை எடுக்க வேண்டும், மகளை எடுக்க வேண்டும், கிளம்ப வேண்டும். முயல் அதன் இடத்தில் இல்லை. சோபாவுக்கு அடியில் இல்லை. திரும்பினாள். வாசல் கதவுக்கு உள்பக்கம், செருப்புகளுக்குப் பக்கத்தில், பரண்மேல் போட்டிருந்த பெட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. கொக்கி வெளியிலிருந்து மாட்டியிருந்தது. கம்பி வழியே பார்த்தாள். துண்டு நாலாக மடித்துப் போட்டிருந்தது, வந்த அன்று இருந்த அதே மடிப்பு. அதன் மேல் முயல். கொண்டுபோய் விடுவதற்குத் தயாராக.

அவள் எடுத்து வைக்கவில்லை. மகளுக்குப் பரண் எட்டாது.

எதுவோ முயலைப் பார்த்திருக்கிறது. ஒரு வாரம். ஒத்துவரவில்லை.

"ம்மா?" என்றது போன். "பாப்பா எங்க?"

முயல் பெட்டிக்குள் எழுந்து நின்றது. காது விறைத்தது. மகளின் அறைப் பக்கம் பார்த்து, மடித்த துண்டின் மேல், பின்னங்காலால் உதைத்தது. சத்தம் வரவில்லை. மறுபடி உதைத்தது.

நடையில் நடந்தாள். நீலம். மஞ்சள். நீலம். தன் காலடி தனக்கே கேட்கவில்லை. ஈரக் கம்பளி வாசம் கனத்துக்கொண்டே வந்தது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

மகள் சுவரிலிருந்து மூன்று கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். சப்பணம். கை இரண்டும் மடியில். பக்கத்தில் கடித்த ஆப்பிள் துண்டு, ஓரம் பழுப்பேறி. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமர்த்தாக.

அவள் முன்நெற்றி முடி அமுங்கியது.

அமுங்கிய இடம் உச்சிக்குப் போனது. பிடரிக்கு. முதுகுக்கு. விட்டது. முடி கொஞ்சம் எழுந்தது. மறுபடி நெற்றி. உச்சி. பிடரி. முதுகு. அவசரமே இல்லை.

மறுபடி.

மூன்று.

மகள் உதறவில்லை.

கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிற வாய். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூச்சு மட்டும் வந்தது.

மகளின் மேலுதடு ஒரு பக்கம் உயர்ந்தது. தானாக அல்ல. ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, உள்ளிருந்த ஈறு தெரிய. விழுந்த பல்லின் ஓட்டை தெரிந்தது. அடுத்த பல் தெரிந்தது. உதடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

பார்த்தாயிற்று. பிடித்திருக்கிறது.

மகள் மெல்லப் பின்னால் சாய்ந்தாள். விழவில்லை. முதுகுக்கு அடியிலும் முழங்காலுக்கு அடியிலும் எதுவோ ஏந்தியதுபோல, மேட்டுக்கு ஒரு சாண் உயரத்தில், மல்லாந்து நின்றாள். கை கால் நாலும் மேலே மடங்கியிருந்தன. தலை மட்டும் பின்னால் தொங்கி, முகம் தலைகீழாகக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. அம்மாவைத்தான் பார்த்தது. சிமிட்டவில்லை.

சுகம் இல்ல, பாப்பா.

கையிலிருந்து போன் நழுவியது. அது விழுந்த சத்தமும் இல்லை. கால் நகரவில்லை. குரல் இல்லை. உடம்பில் மிச்சம் இருந்த எல்லாவற்றையும் வலது குதிகாலில் திரட்டி, ஓங்கி, தரையில் உதைத்தாள்.

மேட் அதை விழுங்கிக்கொண்டது.

மல்லாந்தபடியே, மகள் ஒரு கட்டம் சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

அம்மா மறுபடி உதைத்தாள். மறுபடி. மறுபடி.